நாவல் நாயகனும் பெருந்துறை மாப்பிள்ளையும்

உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். காதல் நாவல் படிப்பது பெண்களின் எதிர்பார்ப்பைக் கெடுத்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் அம்மா அப்படித்தான் திட்டுகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரியில் விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டீர்கள். பெருந்துறைப் பக்கமிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது, மூன்று தடவை போனில் பேசியாயிற்று, மனிதர் "சாப்டீங்களா, கம்பெனியில வேல எச்சுங்களா" என்பதைத் தாண்டவே இல்லை, உங்களுக்கு ஒன்றுமே தோன்றவில்லை. திருப்பூரில் பையர் மெயிலுக்கும் ஷிப்மெண்ட் தேதிக்கும் நடுவில், ராத்திரி பதினொரு மணிக்குப் போனில் நாலு அத்தியாயம் படித்துவிட்டுத் தூங்குகிற ஆள் நீங்கள். அந்தக் கதையில் வருகிறவன் ஒரு பார்வையிலேயே அவள் மனசைப் படித்துவிடுகிறான்; இவருக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு பேச்சு வரவில்லை. ஆக, நீங்கள் நிஜமாகக் கேட்பது இதுதான்: எனக்கு ஒன்றும் தோன்றாதது என் கோளாறா, அவர் கோளாறா, நாவலின் கோளாறா? கடைசியில் இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த நாவல்களில் பெண்கள் உண்மையிலேயே வளர்கிறார்களா, இல்லை ஹீரோ வந்து தூக்கிவிடுகிறானா? இரண்டு கேள்விக்கும் ஒரே இடத்தில்தான் பதில் இருக்கிறது என்பது என் எண்ணம். அந்த இடத்துக்கு வரக் கொஞ்சம் சுற்ற வேண்டும்.

முதலில் என்னைப் பற்றி. கோபிசெட்டிபாளையத்தில் பத்தொன்பது வருடம் லெண்டிங் லைப்ரரி நடத்தினேன். புத்தக விலையில் பத்தில் ஒரு பங்கு வாடகை, வாரம் தாண்டினால் மறுபடி ஒரு பங்கு. கேபிள் டிவி வந்தும் ஓடிய கடை, ஆளுக்கொரு போன் வந்ததும் படுத்துவிட்டது. அதன்பிறகு வீட்டிலிருந்தபடியே குடும்ப நாவல் எழுதுகிறவர்களுக்குப் பிழைதிருத்தம் பார்க்கிறேன். கேட்டால் கதையைப் பற்றியும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சில சமயம் சொல்லிவிடுவேன். நான் மனநல ஆலோசகர் இல்லை, கல்யாண புரோக்கரும் இல்லை. எனக்குத் தெரிந்த வாசகர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பெண்கள். ஆண்கள் என் கடைக்கு வந்தால் துப்பறியும் நாவலும் சரித்திர நாவலும்தான் எடுப்பார்கள். கோவைக்காரர் ராஜேஷ்குமாரின் புத்தகம் அலமாரியில் ஒருநாள் தங்காது. அதனால் காதல் கதை ஆண்களை என்ன செய்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியதிலிருந்து ஆரம்பிக்கிறேன். காதல் நாவல் என்பது ஒரு வாக்குறுதி. காதல்தான் கதையின் மையம், முடிவு மனசுக்கு நிறைவாக இருக்கும் என்கிற இரண்டையும் அமெரிக்கக் காதல் நாவலாசிரியர்களின் சங்கம் வரையறையாகவே வைத்திருக்கிறது. என் கடைக்கு வந்தவர்களுக்கு அந்த வரையறை தெரியாது, ஆனால் கல்லாவுக்கு முன்னால் நின்றுகொண்டே கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். "ஏனுங்க்கா, முடிவு நல்ல முடிவுதானுங்களே? அழுவாச்சிக் கதை வேண்டாமுங்" என்று கேட்டுக்கொண்டுதான் டோக்கனை நீட்டுவார்கள். முடிவு தெரிந்த பிறகு ஏன் படிக்கிறார்கள் என்று ஆரம்பத்தில் எனக்குப் புரியவில்லை. அப்புறம்தான் பிடிபட்டது. இரண்டு பேரும் சேர்வார்களா என்பது இந்தக் கதைகளில் கேள்வியே இல்லை. எப்படிச் சேர்கிறார்கள், அதற்கு யார் எதை விட்டுக்கொடுக்கிறார்கள், யார் வாயைத் திறந்து என்ன சொல்கிறார்கள் என்பதுதான் கேள்வி. முடிவு நல்லதாக இருக்கும் என்ற தைரியத்தில்தான், நிஜத்தில் நினைக்கப் பயப்படுகிற விஷயங்களைக்கூட ஒரு பெண்ணால் நிதானமாகப் படிக்க முடிகிறது.

இதை ஆராய்ந்தே எழுதியிருக்கிறார்கள். ஜேனிஸ் ராட்வே என்ற அமெரிக்கப் பேராசிரியை ஒரு சிறு நகரத்தில், புத்தகக் கடையில் வேலை செய்த ஒரு பெண்மணியின் பரிந்துரையைக் கேட்டுக் காதல் நாவல் வாங்கிக்கொண்டிருந்த பெண்களிடம் பேசி, 1984இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் எனக்கு மறக்காத விஷயம் ஒன்று. அந்தப் பெண்களுக்குக் கதை எவ்வளவு முக்கியமோ, படிக்கிற நேரம் அதே அளவுக்கு முக்கியமாக இருந்தது. புருஷனுக்கும் பிள்ளைகளுக்கும் இல்லாமல் தனக்கென்று எடுத்துக்கொண்ட நேரம் அது. அந்தப் புத்தகத்தைப் பற்றிக் கேள்விப்பட்டபோது, கடைக்காரப் பெண்மணி என்னைப் போலவே இருக்கிறாரே என்று சிரிப்பு வந்தது. பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு, பிள்ளைகளைப் பஸ் ஏற்றிவிட்டு, பதினொரு மணிக்கு என் கடைக்கு வந்தவர்களும் அப்படித்தான். மதியம் ஒரு மணி நேரம் யாரும் கூப்பிடாமல் இருந்தால் போதும் என்பார்கள். உங்கள் ராத்திரி பதினொரு மணியும் அதே ரகம்தான் என்று உங்கள் அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். ஒத்துக்கொள்வார் என்று உத்தரவாதம் தர முடியாது.

சரி, வளர்ச்சி. இங்கேதான் நாவலுக்கு நாவல் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். பமேலா ரெஜிஸ் என்கிற ஆய்வாளர் 2003இல் எழுதிய நூலில், காதல் நாவலுக்கு எட்டு அங்கங்கள் உண்டு என்கிறார். சந்திப்பு, தடை, ஈர்ப்பு என்று போகிற அந்த வரிசையில், இனி இவர்கள் சேரவே முடியாது என்று தோன்றுகிற ஒரு கட்டம் வரும். சாவுக்குச் சமமான கட்டம் என்று அதைச் சொல்கிறார். அந்தக் கட்டத்தில் உள்ளுக்குள் ஏதாவது செத்து, வேறு ஏதாவது பிறக்க வேண்டும்: ஒரு பயம், ஒரு வீம்பு, பழைய காயத்தைத் தடவிக்கொண்டே இருக்கிற பழக்கம், இந்த மாதிரி ஏதாவது. நம் ஆட்கள் பலர் இதை அப்படியே நேர் அர்த்தத்தில் எடுத்துக்கொண்டு ஹீரோவைக் காரில் ஏற்றி அவிநாசி ரோட்டில் லாரி மேல் மோதவிட்டுவிடுகிறார்கள். நான் பிழைதிருத்திய கதைகளில் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி ஐசியூ வாசலில் அழுத நாயகிகளை உட்கார வைக்க ஒரு கல்யாண மண்டபம் பிடிக்க வேண்டியிருக்கும். அவன் கண்ணைத் திறக்கிறான், இவள் எல்லாவற்றையும் மன்னித்துவிடுகிறாள், சுபம். இதில் யார் வளர்ந்தார்கள்? எலும்பு கூடிய ஹீரோவைத் தவிர ஒருத்தரும் இல்லை.

உண்மையான வளர்ச்சிக்கு நான் வைத்திருக்கிற சோதனை ஒன்று உண்டு. கதையிலிருந்து ஹீரோவை ஒரு நிமிடம் எடுத்துவிடுங்கள். அவள் கற்றுக்கொண்டது அப்போதும் அவளிடம் மிஞ்சுகிறதா? மிஞ்சினால் வளர்ச்சி. மிஞ்சாவிட்டால் அது ஹீரோ கொடுத்த பரிசு, அவன் போனால் கூடவே போய்விடும். ஒரு தடவை இது ஒரு சண்டையில் முடிந்தது. என்னிடம் வந்த கதை ஒன்றில், சென்னிமலையில் அப்பா இறந்த பிறகு பெண் தறிக்கூடத்தை எடுத்து நடத்துகிறாள். கடன் கழுத்தைப் பிடிக்கிறது. கரூரிலிருந்து போர்வை வாங்க வருகிற ஏற்றுமதிக்காரன்தான் ஹீரோ. பதினெட்டாவது அத்தியாயத்தில் அவளுக்குத் தெரியாமலே கடனை அடைத்துவிடுகிறான். அவள் கண்ணீரோடு அவனை நிமிர்ந்து பார்க்கிறாள். எழுதிய பெண் போனில் என்னிடம், "நாயகி தன்னம்பிக்கையா வளர்ற கதைங்க்கா" என்றார். "ஹீரோவை எடுத்துட்டா உம்பட புள்ளைக்கு என்ன தெரியும் கண்ணு? நூல் வெல தெரியுமா, கொடுத்த கடனத் திருப்பிக் கேக்கத் தெரியுமா?" என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார். இரண்டு மாசம் பேச்சு இல்லை.

அப்புறம் திருத்திய கதை வந்தது. பதினெட்டாவது அத்தியாயத்தில் இப்போது ஹீரோவே இல்லை. அந்தப் பெண் தன் பெரியப்பா வீட்டுத் திண்ணைக்குப் போய் உட்காருகிறாள். அப்பா காலத்தில் சரக்கு எடுத்துப் பணம் தராதவர் அவர். பெரியம்மா மோர் கொண்டுவந்து வைக்கிறார், கறிவேப்பிலை மிதக்கிறது. மோரைக் குடித்து முடித்தால் பேச்சு சொந்தபந்தத்துக்குப் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் டம்ளரைத் தொடாமலே, மடியில் வைத்திருந்த பில் புத்தகத்தைப் பிரித்து, "பெரீப்பா, பதினோராயிரம் நிக்குதுங்" என்கிறாள். அவ்வளவுதான் காட்சி. அந்த இடத்துக்குப் பிறகு அவளும் ஏற்றுமதிக்காரனும் பேசிக்கொள்கிற பக்கங்களின் தொனியே மாறிவிட்டது. விலையில் அவன் ஒரு போர்வைக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்கிறான், அவள் முடியாது என்கிறாள், அவனுக்குச் சிரிப்பு வருகிறது. படிக்கிற நமக்கு அங்கேதான் காதல் தெரிகிறது. கடன் அடைத்த காட்சியில் எனக்குத் தெரிந்ததெல்லாம் நன்றிக்கடன்.

இனி, நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும்: ஆன்ட்டி ஹீரோ. இப்போது அத்தியாயம் அத்தியாயமாக வருகிற கதைகளில் பாதிக்கு அவன்தான் நாயகன். கடத்திக்கொண்டுபோய்த் தாலி கட்டுவான், அறைவான், சந்தேகப்படுவான், நாற்பதாவது அத்தியாயத்தில் சின்ன வயசில் அவனுக்கு நடந்த கொடுமை தெரியவரும், நாம் உருகிவிட வேண்டும். இது புதுசு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், என் கடையில் இருந்த பழைய மாத நாவல்களிலும் இவன் உண்டு. சட்டைக் காலர் மட்டும்தான் மாறியிருக்கிறது.

என் கடைக்கு வந்த ஒரு வாசகியைப் பற்றிச் சொல்கிறேன். லெண்டிங் லைப்ரரிக்குப் போனவர்களுக்குத் தெரியும், படித்த புத்தகத்தையே மறுபடி எடுத்துவிடாமல் இருக்க ஒவ்வொருவரும் ஏதோ ஒரு பக்கத்தில் தன் அடையாளம் வைப்பார்கள். ஒருவர் இருபத்தேழாம் பக்க எண்ணுக்குக் கீழே புள்ளி வைப்பார், இன்னொருவர் மூலையை மடிப்பார். நான் சொல்கிறவர் முப்பத்துமூன்றாம் பக்கத்தில் பென்சிலால் அஞ்சிதழ்ப் பூ ஒன்று போடுவார், அரிசி மணி அளவுக்கு. தையல் வேலை செய்தவர்; விரல் நுனியில் எப்போதும் நூல் தூசி இருக்கும். 1997 வாக்கில் ஒரு நாவல் எடுத்துப் படித்து, பூப் போட்டுத் திருப்பித் தந்தார். பன்னிரண்டு வருடம் கழித்து அதே புத்தகத்தை எடுத்தார். பைண்டிங் மாற்றியிருந்தேன், ஆனாலும் முப்பத்துமூன்றைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "படிச்சதுதானுங், பரவால்ல குடுங்" என்று வாங்கிப் போனார். திரும்பி வந்தபோது எதேச்சையாகப் புரட்டினேன். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஹீரோ அறைகிறான். அதற்கு ஆறு பக்கம் தள்ளி, அவனைக் கோபப்படுத்தியதற்காக நாயகி அவனிடம் மன்னிப்புக் கேட்கிறாள். அந்த வரிக்குப் பக்கத்தில் அதே பென்சிலில், "இவ எதுக்கு மன்னிப்புக் கேக்கறா?" என்று எழுதியிருந்தது. முதல் தடவை படித்தபோது அந்தப் பக்கம் சுத்தமாக இருந்தது. இரண்டாவது தடவை அவர் படித்தபோது அவருக்கு ஒன்பதாவது படிக்கிற மகள் இருந்தாள். இடையில் வேறு என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நாவல் படித்தால் பெண்கள் அப்படியே நம்பிவிடுவார்கள் என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தப் பென்சில் எழுத்துதான் ஞாபகம் வரும். புத்தகம் ஒரு எழுத்து மாறவில்லை. வளர்ந்தது வாசகி.

ஆங்கிலத்தில் இதையே கதைக்குள் கொண்டுவந்த நாவலும் உண்டு. கொலீன் ஹூவர் என்ற அமெரிக்க எழுத்தாளர் 2016இல் எழுதிய 'இட் எண்ட்ஸ் வித் அஸ்' நாவலில், அம்மா அடிவாங்குவதைப் பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு அதே மாதிரி கணவன் வாய்க்கிறான். அவனுக்கும் காரணம் இருக்கிறது, அவன் மேல் அவளுக்கு அன்பும் இருக்கிறது. மகள் பிறந்த பிறகு, உன் மகள் வளர்ந்து வந்து கணவன் அடித்தான் என்று சொன்னால் நீ என்ன சொல்வாய் என்று அவனிடமே கேட்டுவிட்டு விலகுகிறாள். அது காதல் நாவல்தானா என்றே அங்கே சண்டை நடந்தது. அந்த நாயகி கணவனிடம் கேட்டது, கோபியில் தைத்துக்கொண்டிருந்தவர் அதற்கு ஏழு வருடம் முன்பே பென்சிலில் கேட்ட கேள்விதான்.

இந்த இடத்தில் கதையையும் சட்டத்தையும் கலக்காமல் இருப்பது நல்லது என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கட்டாயத்தால் பெற்ற சம்மதத்தோடு நடந்த கல்யாணத்தை நீதிமன்றத்தில் ரத்து செய்யக் கேட்கலாம் என்று 1955ஆம் வருட இந்து திருமணச் சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது. கட்டாயம் நீங்கிய ஒரு வருடத்துக்குள் கேட்க வேண்டும். வீட்டுக்குள் அறைவது 2005ஆம் வருடக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும். தமிழ்நாட்டில் 181 என்று ஒரு உதவி எண் இருக்கிறது. ஆன்ட்டி ஹீரோ கதைகளில் பாதி, நாயகி அந்த மூன்று எண்ணை அழுத்தியிருந்தால் அஞ்சாவது அத்தியாயத்திலேயே முடிந்திருக்கும்.

இந்தக் கதைகளைப் படித்தே ஒருத்தி முரட்டு ஆளைத் தேடிப் போவாளா? இதில் நான் உறுதியாகப் பேச மாட்டேன். அப்படிப்பட்ட கதைகளை விழுந்து விழுந்து படித்துவிட்டு, சாதுவான மனிதரோடு சந்தோஷமாக இருக்கிற எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். படிக்கவே படிக்காமல் அடிபட்டவர்களையும் தெரியும். கடைக் கல்லாவிலிருந்து பார்த்தது ஆராய்ச்சி ஆகாது. ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்: 'அவன் மாறிவிடுவான்' என்ற நம்பிக்கைக்கு நாவல் வார்த்தை கொடுக்கிறது. நம்பிக்கை முன்பே இருந்ததா, நாவல் விதைத்ததா என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது.

கொங்கு நாட்டில் இருந்துகொண்டு இதைப் பேசும்போது இன்னொன்றைத் தாண்டிப் போக முடியாது. நம் பக்கத்துக் காதல் நாவல்களில் தோட்டம் வரும், தோட்டத்து வீடான சாளை வரும், ஸ்பின்னிங் மில் வரும், பண்ணயத்து ஆட்கள் வருவார்கள், அப்பாரு வெள்ளை வேட்டியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். சாதிப் பெயர் மட்டும் வராது. பெயர் வராவிட்டாலும் எல்லோருக்கும் தெரியும்; ஹீரோயின் எவ்வளவு ஏழையாக இருந்தாலும் கடைசியில் மாமன் மகள் முறையோ ஒன்றுவிட்ட அத்தை மகளோ ஆகிவிடுவாள். தடை என்று வருவது பங்காளிச் சண்டை, பணத்திமிர், ஒட்டுக்கேட்டுத் தப்பாகப் புரிந்துகொள்வது, இவ்வளவுதான். நிஜத்தில் இங்கே தடை எது என்பதற்கு 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பட்டப்பகலில் சாதி மாறிக் கட்டிக்கொண்ட ஒரு இளம் ஜோடி வெட்டப்பட்டு, கணவர் இறந்ததே போதும். அந்தத் தடையைப் பற்றி அதற்கு முன்பே எழுதிய நாவல் நம் மண்ணில் உண்டு. பெருமாள்முருகனின் பூக்குழி, 2013இல் வந்தது. வேறு சாதிப் பெண்ணைக் கட்டிக்கொண்டு ஊருக்குக் கூட்டிவரும் குமரேசனிடம் அன்புக்குக் குறையே இல்லை. எல்லாம் சரியாகிவிடும், ஊர் ஏற்றுக்கொள்ளும் என்று நம்புகிறான். அந்த வெள்ளந்தித்தனத்துக்கு சரோஜா கொடுக்கிற விலையைப் படித்துவிட்டு நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வரையறைப்படி அது காதல் நாவல் ஆகாது, முடிவு அப்படி. ஆனால் அன்பு மட்டும் இருந்தால் ஒருவன் வளர்ந்துவிட்டான் என்று அர்த்தமில்லை என்பதை அதைவிடத் தெளிவாக எந்தச் சுபமுடிவு நாவலும் எனக்குக் காட்டவில்லை. அதற்கும் முன்னால், 1942இல், ஆர். சண்முகசுந்தரம் நாகம்மாளை எழுதினார். புருஷன் செத்த பிறகு தனக்கொரு துணையையும் தன் பங்கு நிலத்தையும் கேட்ட கொங்குப் பெண் அவள். இன்றைக்கு அத்தியாயம் அத்தியாயமாக எழுதுகிறவர்களில் அவளை நாயகியாக வைக்கத் துணிகிறவர்கள் ரொம்பக் குறைவு. அலமாரியில் அந்த இரண்டையும் காதல் நாவல்களுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்வேன்.

இப்போது உங்கள் பெருந்துறைக்காரரிடம் வருகிறேன். உங்களுக்கு ஒன்றும் தோன்றாததற்கு நாவல் ஒரு விதத்தில் காரணமாக இருக்கலாம். நீங்கள் நினைக்கிற விதத்தில் அல்ல. காதல் நாவல் பெரும்பாலும் கல்யாணம் வரைக்கும் நடக்கிற கதை. நம் பழைய ஆட்கள் அந்தக் கணக்கைத் தலைகீழாக வைத்திருந்தார்கள். திருக்குறள் காமத்துப்பாலில் இருபத்தைந்து அதிகாரம். அதில் கல்யாணத்துக்கு முந்தைய களவியலுக்கு ஏழே ஏழு. கல்யாணத்துக்குப் பிறகான கற்பியலுக்குப் பதினெட்டு. பிரிவும் ஏக்கமுமாகப் போய்க் கடைசி மூன்று அதிகாரங்கள் முழுக்க ஊடல்தான். அவன் தும்முகிறான், பழக்க தோஷத்தில் இவள் வாழ்த்துகிறாள், உடனே யார் நினைத்து நீ தும்மினாய் என்று அழுகிறாள். இரண்டாயிரம் பக்கம் ஆன்ட்டி ஹீரோ படித்த எனக்கு அந்த ஒன்றே முக்கால் அடியில் இருக்கிற குடும்பம் எங்கேயும் கிடைக்கவில்லை. ஊடலை உப்பு மாதிரி அளவாகப் போடு, கொஞ்சம் நீட்டினாலும் கெட்டுவிடும் என்று சமையல்கட்டு பாஷையில் வள்ளுவர் சொல்லியும் வைத்திருக்கிறார்.

அதனால்தான் கதையிலும் சரி, ஆளிலும் சரி, நான் காதலைச் சொல்கிற பக்கத்தைத் தேடுவதில்லை. மன்னிப்புக் கேட்கிற பக்கத்தைத் தேடுகிறேன். எந்த மோசமான எழுத்தாளருக்கும் மழையில் நின்று காதலைச் சொல்ல வைக்கத் தெரியும். ஒருத்தன் தப்புச் செய்துவிட்டு, காரணம் அடுக்காமல், பதிலுக்கு ஒன்றும் எதிர்பார்க்காமல், மறுபடி அதே தப்பைச் செய்யாமல் இருப்பதை எழுதுவது கஷ்டம். நாயகியும் அப்படித்தான், தன் மேல் தப்பு இருக்கும்போது கேட்பதும், இல்லாதபோது கேட்காமல் இருப்பதும் இரண்டுமே வர வேண்டும். நல்ல நாவலில் இந்தப் பக்கம் தெளிவாக இருக்கும். சில சமயம் வசனமே இருக்காது. பிழைதிருத்திய ஒரு கதையில், கோபித்துக்கொண்டு போன மனைவி திரும்பி வரும்போது, அவள் நாலு மாசமாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒழுகுகிற குழாயை மாற்றியிருப்பான். அவ்வளவுதான். அவள் குழாயைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு அரிசி களைய ஆரம்பிப்பாள்.

"சாப்டீங்களா" என்று மூன்று தடவை கேட்டவரைப் பற்றி, அவர் நல்லவர் என்றும் நான் சொல்ல முடியாது, சலிப்பானவர் என்றும் சொல்ல முடியாது. நம் ஊரில் அந்த வார்த்தைக்குள் சில பேர் பாசத்தை வைத்திருப்பார்கள், சில பேரிடம் அதைத் தவிர ஒன்றுமே இருக்காது. மூன்று போனில் அது தெரியாது. பின்னால் அவர் அக்காவும் அம்மாவும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தால், பாவம், வேறு என்னதான் பேசுவார்? ஆனால் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லைதான். பொருத்தம் பார்த்தாகிவிட்டது, ஒறம்பரைக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது என்பதற்காகத் தலையாட்ட வேண்டாம். அதே மாதிரி, நெஞ்சு படபடக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக உடனே வேண்டாம் என்றும் சொல்ல வேண்டாம். நான் சொன்ன சோதனையை உங்களுக்கே போட்டுப் பாருங்கள்: இவரை எடுத்துவிட்டால் உங்களுக்கு என்ன மிஞ்சுகிறது? வேலை, சம்பளம், கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற வாய். அது மூன்றும் கல்யாணத்துக்குப் பிறகும் உங்களிடமே இருக்குமா என்று அவரிடம் நேராகக் கேளுங்கள். சீர் எத்தனை பவுன் என்று அவர்கள் வீட்டில் கேட்கும்போது கூச்சப்படவில்லை, நீங்கள் ஏன் கூச்சப்பட வேண்டும்?

அதற்கப்புறம் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. நாலாவது தடவை போன் வரும்போது, "நீங்க கடைசியா யார்கிட்ட, எதுக்கு மன்னிப்புக் கேட்டீங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலைவிட, பதில் சொல்ல அவர் படும் பாட்டைக் கவனியுங்கள். கோபப்படுகிறாரா, யோசிக்கிறாரா, சிரித்து மழுப்புகிறாரா, உங்களைத் திருப்பிக் கேட்கிறாரா என்று பாருங்கள். திருப்பிக் கேட்டால் உங்களிடமும் ஒரு பதில் இருக்கட்டும்.

நான் இதை என் வீட்டுக்காரரிடம் கல்யாணமாகி இருபத்தெட்டு வருடம் கழித்துத்தான் கேட்டேன். தோட்டத்தில் மஞ்சளுக்குத் தண்ணி திருப்பிக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. மதியம் சாப்பிட உட்கார்ந்து, ரசம் ஊற்றுகிற வரைக்கும் யோசித்துவிட்டு, "பால்காரங்கிட்ட" என்றார். என்னிடம் எப்போது என்று கேட்டேன். மறுபடி யோசிக்க ஆரம்பித்தார்.